ராத்திரி ஆனா ரூட்டர் தானா ரீஸ்டார்ட் ஆகுது: அடாப்டரா, போர்டா?

மடிப்பாக்கம்_கே

பத்து நாளா வீட்டு ரூட்டர் தானாவே ரீஸ்டார்ட் ஆகுது. ஃபைபர் மோடம் தனி, ரூட்டர் தனி, ரெண்டுக்கும் வேற வேற அடாப்டர். ரூட்டர் ரெண்டு பேண்ட் மாடல், நாலு வருஷமா இராப்பகலா ஓடிக்கிட்டிருக்கு. கூட வந்த அடாப்டர் 12 வோல்ட் 1 ஆம்பியர்.

பகல்ல ஒண்ணும் இல்ல. ராத்திரி எட்டு மணிக்கு மேல டிவி, ரெண்டு லேப்டாப், நாலு போன் எல்லாம் ஒண்ணா ஓடும்போது மணிக்கு மூணு நாலு தடவை ரூட்டர் லைட் மொத்தமா அணைஞ்சு திரும்ப எரியுது. மோடம் லைட் அசையறதே இல்ல. கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும்போதும் இதே கதைதான். ஃபேன் நிக்காம சுத்துது, ரூட்டர் மட்டும் முதல்ல இருந்து ஆரம்பிக்குது.

மல்டிமீட்டர் வெச்சுப் பார்த்தேன். அடாப்டர் பின்னுல 12.2 வோல்ட் வருது. அதனால அடாப்டர் சரின்னுதான் நினைக்கிறேன். இருந்தாலும் கடையில ஒரு 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் வாங்கி மாட்டினேன். ரீஸ்டார்ட் குறைஞ்சது, நிக்கல. அந்தப் பிளக் ரூட்டர்ல கொஞ்சம் ஆடுது.

தெரிய வேண்டியது மூணு. 1 ஆம்பியர் ரூட்டருக்கு 2 ஆம்பியர் அடாப்டர் போட்டா கெடுமா? போர்டுல எங்கெங்க வோல்டேஜ் பார்க்கணும்? மினி யூபிஎஸ், அதாவது கரண்ட் போனா ரூட்டரை ஓட்டுற சின்ன பேட்டரிப் பெட்டி, அதை வாங்கினா இது தீருமா?


ஓம்_விதி

ஆம்பியர் கேள்விக்கு முதல்ல பதில். 2 ஆம்பியர் அடாப்டரால ரூட்டர் கெடாது. வோல்டேஜ் அடாப்டர் கொடுக்கிறது, கரண்ட் ரூட்டர் இழுக்கிறது. லேபிள்ல இருக்கிற ஆம்பியர் "இதுவரைக்கும் தாங்குவேன்"னு அடாப்டர் சொல்ற அளவு, அவ்வளவுதான். வோல்டேஜ் மட்டும் மாறக் கூடாது. 5 வோல்ட், 9 வோல்ட், 12 வோல்ட் ரூட்டர் மூணுக்கும் பல கம்பெனிகள் ஒரே சைஸ் ஜாக் போடுறாங்க. 5 வோல்ட் ரூட்டர்ல 12 வோல்ட் பிளக் அழகா உள்ளே போகும், ஒரு செகண்டுல போர்டு போயிடும். மாட்டறதுக்கு முன்னாடி ரூட்டர் அடியில இருக்கிற ஸ்டிக்கரைப் படிங்க. நடுப் பின் பிளஸ்ஸான்னு அந்த வட்டப் படத்தையும் பாருங்க.

இப்போ 12.2 வோல்ட் விஷயம். மீட்டர் எதையும் இழுக்காது, அதனால லோடே இல்லாத அளவைத்தான் பார்த்திருக்கீங்க. கண்டென்சர் காய்ஞ்சு போன அடாப்டரும் லோடு இல்லாம 12 காட்டும். சுமை ஏத்தினாத்தான் உண்மை தெரியும். 27 ஓம் 10 வாட் ஒயர்வுண்ட் ரெசிஸ்டர், வெள்ளைச் செங்கல் மாதிரி இருக்குமே அது, ரெண்டு வாங்கி பேரலலா கட்டுங்க. சேர்ந்தா 13.5 ஓம், 12 வோல்ட்டுல 0.89 ஆம்பியர் இழுக்கும். உங்க 1 ஆம்பியர் அடாப்டருக்கு இது சரியான சுமை. ஒவ்வொரு ரெசிஸ்டரும் 5 வாட்டுக்கு மேல சூடாகும், தொட்டா கை வெந்துடும். மர மேஜையில வைக்காம டைல்ஸ் மேல வையுங்க. 2 ஆம்பியர் அடாப்டரைச் சோதிக்கணும்னா நாலு ரெசிஸ்டர் பேரலலா போட்டா 1.78 ஆம்பியர் வரும்.

சுமையோட அஞ்சு நிமிஷம் விட்டு அளந்து பாருங்க. 11.4க்குக் கீழே போனா அந்த அடாப்டரை நம்பாதீங்க. கார் பல்பை லோடா போடலாம்னு சிலர் சொல்வாங்க. பல்பு குளிர்ந்திருக்கும்போது அதோட ரெசிஸ்டன்ஸ் ரொம்பக் கம்மி, முதல் நொடியில பல மடங்கு கரண்ட் இழுத்து நல்ல அடாப்டரையே ஷார்ட்னு நினைக்க வெச்சு அணைச்சுடும். ரெசிஸ்டரே நல்லது.

அடுத்தது ரிப்பிள், அதாவது டிசி மேல ஏறி நிக்கிற ஏசி அலை. சுமை இருக்கும்போதே மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாத்திப் பாருங்க. சில மலிவு மீட்டர் 12 வோல்ட் டிசியையே ஏசி ரேஞ்சுல 25னு காட்டும், அதை நம்பிப் பயப்படாதீங்க. சிவப்பு ப்ரோபுக்கு முன்னாடி 1 மைக்ரோஃபாரட் பாலியெஸ்டர் கண்டென்சர் ஒண்ணை சீரியஸா வெச்சா டிசி தடுக்கப்பட்டு ரிப்பிள் மட்டும் தெரியும். நல்ல அடாப்டர்ல கிட்டத்தட்ட சைபர் வரும். அரை வோல்ட் காட்டினா உள்ளே மெயின் கண்டென்சர் காய்ஞ்சிருக்குன்னு அர்த்தம், அது 100 ஹெர்ட்ஸ் அலை. ஆனா மீட்டர்ல சைபர் வந்துட்டா அடாப்டர் சுத்தம்னு முடிவு கட்டாதீங்க. அவுட்புட் பக்கக் கண்டென்சர் கெட்டா ரிப்பிள் பத்தாயிரக் கணக்கான ஹெர்ட்ஸ்ல வரும், சாதா மீட்டருக்கு அது கண்ணுக்கே தெரியாது. அதுக்கு ஆசிலோஸ்கோப் வேணும், இல்லன்னா நல்ல அடாப்டர் ஒண்ணை மாட்டிப் பார்க்கிறதுதான் வழி.

இன்வெர்ட்டர் எடுக்கும்போது ஏன் விழுதுன்னு கணக்கே சொல்லும். 230 வோல்ட் ஏசி உள்ளே 325 வோல்ட் டிசியா மாறி 10 மைக்ரோஃபாரட் 400 வோல்ட் கண்டென்சர்ல நிக்குது. அதுல அரை ஜூல் அளவுக்குச் சக்தி. ரூட்டர் 8 வாட் இழுத்தா அடாப்டரோட வீணையும் சேர்த்து 10 வாட்னு வெச்சுக்குங்க. 325ல இருந்து 100 வோல்ட் வரைக்கும் இறங்க 48 மில்லி செகண்ட் ஆகும். அதே கண்டென்சர் காய்ஞ்சு 4 மைக்ரோஃபாரட் ஆயிட்டா 19 மில்லி செகண்ட். ரெண்டு ஏசி அலைக்கு நடுவுல இறங்கின நேரத்தையும் கழிச்சா கையில நிக்கிறது இன்னும் கம்மி. இன்வெர்ட்டர் யூபிஎஸ் மோடுல 10 மில்லி செகண்ட் வாக்குல மாறும், ஈகோங்கிற சாதா மோடுல 40 வரைக்கும் எடுத்துக்கும். பின்னாடி யூபிஎஸ், ஈகோன்னு ஒரு சுவிட்ச் இருந்தா எதுல இருக்குன்னு பாருங்க. அடாப்டர் புதுசா இருந்தப்போ இது தாங்கிச்சு, இப்போ தாங்கலைன்னா தேய்ஞ்சது அடாப்டர்தான்.

ராத்திரி மட்டும் வர்றதுக்கும் இதே காரணம். தெருவுல எல்லார் வீட்டு ஏசியும் ஓடி லைன் 190க்கு வந்தா உள்ளே 325க்குப் பதிலா 270தான். அதே நேரத்துல வைஃபையும் அதிகமா இழுக்குது. ரெண்டும் சேர்ந்து ஒரே மணிநேரத்துல அமுக்குது.


ஈயம்_60_40

மேல சொன்னது எல்லாம் சரி. ஆனா புது அடாப்டர் போட்டும் முழுசா நிக்கலைன்னு சொல்றார், பிளக் ஆடுதுன்னும் சொல்றார். அந்த ஆட்டத்தை விட்டுட வேணாம்.

ரூட்டர் ஜாக் பெரும்பாலும் ரெண்டு வகை. வெளி விட்டம் 5.5 மில்லி மீட்டர், அது ரெண்டுக்கும் ஒண்ணு. நடு ஊசி 2.1 அல்லது 2.5. ரூட்டர்ல 2.5 ஊசி இருந்தா 2.1 பிளக் உள்ளேயே போகாது, தப்பு உடனே தெரிஞ்சுடும். தலைகீழா இருந்தாத்தான் தொல்லை. 2.1 ஊசி மேல 2.5 ஓட்டை உள்ள பிளக் சுலபமா ஏறும், லைட் எரியும், ஆனா பிடிப்பு இருக்காது. தொடுற இடத்துல 1 ஓம் ரெசிஸ்டன்ஸ் வந்தாலே 1 ஆம்பியர்ல 1 வோல்ட் அங்கேயே காலி, கூடவே 1 வாட் சூடு. டார்ச் அடிச்சு ஜாக் உள்ளே பாருங்க. ஊசி நுனியில கறுப்பா குழி குழியா இருந்தா பொறி பறந்திருக்கு. பக்கத்துல பிளாஸ்டிக் பழுப்பு ஏறியிருந்தா சூடு ஏறியிருக்கு. பழைய அடாப்டரோட பிளக்கையும் புதுசையும் பக்கத்துல வெச்சு ஓட்டையைப் பார்த்தா கண்ணுக்கே வித்தியாசம் தெரியும்.

போர்டைத் திறக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. ரூட்டர் இன்டர்நெட் கம்பெனி டெபாசிட்டுல கொடுத்ததா இருந்தா திறக்காதீங்க, கம்ப்ளெயின்ட் போட்டு மாத்தச் சொல்லுங்க. சொந்தமா வாங்கினது, வாரண்டி முடிஞ்சதுன்னா மட்டும் மேல படிங்க.

திறந்தா ஜாக்ல ஆரம்பிச்சு வழியோட போங்க. ஜாக் பக்கத்துல சின்ன ஃபியூஸ் அல்லது பச்சை, மஞ்சள் கலர்ல பாலிஃபியூஸ் இருக்கலாம். அடுத்தது இன்புட்டுக்குக் குறுக்கே ஒரு கறுப்பு டயோடு, டிவிஎஸ் டயோடுன்னு பேர். ஓவர் வோல்டேஜ் வந்தா அது ஷார்ட் ஆகி போர்டைக் காப்பாத்தும். ரூட்டர் முழுக்க டெட், அடாப்டர் லைட் மட்டும் விட்டு விட்டு மினுக்குதுன்னா முதல்ல இதை கன்டினியூட்டியில, அதாவது மீட்டரோட பீப் ரேஞ்சுல பாருங்க. அப்புறம் நிமிர்ந்து நிக்கிற இன்புட் கண்டென்சர், 220 அல்லது 470 மைக்ரோஃபாரட், 16 அல்லது 25 வோல்ட். அதுக்குப் பின்னாடி 12 வோல்ட்டைச் சின்ன வோல்ட்டா இறக்குற பக் கன்வெர்ட்டர் ஐசிகள், ஒவ்வொண்ணு பக்கத்துலயும் ஒரு சதுரக் காயில். காயில் மேல 4ஆர்7னு இருந்தா 4.7 மைக்ரோஹென்றி, 100னு இருந்தா 10 மைக்ரோஹென்றி.

கறுப்பு ப்ரோபை டிசி ஜாக்கோட மைனஸ் கால்ல வெச்சுடுங்க. சிவப்பை ஒவ்வொரு காயிலோட வெளிப்பக்கம், அதாவது ஐசியைத் தொடாத முனையில வையுங்க. ஐசி பக்கம் வெச்சா ஸ்விட்சிங் அலைதான் வரும், மீட்டர் உளறும். ப்ரோப் வழுக்கி ரெண்டு காலைச் சேர்த்துட்டா ஐசி போச்சு, அதனால சின்னக் காலைத் தேடாம காயில் மேலயோ பெரிய கண்டென்சர் மேலயோ அளங்க.

வர வேண்டியது இது. 3.3 வோல்ட் லைன்: ஃபிளாஷ், ஸ்விட்ச் சிப், லைட்டு எல்லாத்துக்கும், 3.13ல இருந்து 3.47 வரைக்கும் ஓகே. ராமுக்கு டிடிஆர்2ன்னா 1.8, டிடிஆர்3ன்னா 1.5, டிடிஆர்3எல்னா 1.35. பிராசஸருக்கு 1 வோல்ட்டை ஒட்டி ஏதோ ஒண்ணு, மாடலுக்கு மாடல் மாறும். யுஎஸ்பி போர்ட்டோ பவர்ஃபுல் வைஃபை ஆம்ப்ளிஃபயரோ இருந்தா 5 வோல்ட் ஒண்ணும் இருக்கும். 3.3 இல்லன்னா ஒரு லைட்டும் எரியாது. 3.3 இருந்து ராம் வோல்டேஜ் இல்லன்னா பவர் லைட் மட்டும் அசையாம எரிஞ்சிட்டு நிக்கும், பூட் ஆகாது.

உங்க கேஸ்ல எல்லா லைனும் நின்ன நிலையில சரியாத்தான் காட்டும், ஏன்னா பூட் ஆகுதே. நீங்க பார்க்க வேண்டியது இன்புட் கண்டென்சர். பக் கன்வெர்ட்டர் கரண்டை ஒரே சீரா இழுக்காது, விட்டு விட்டுப் பிடுங்கும். அந்தப் பிடுங்கலுக்குக் கொடுக்கிறது இந்தக் கண்டென்சர். அது காய்ஞ்சா வைஃபை ஒரே நேரத்துல பெருசா அனுப்பும்போது ஐசி காலடியில வோல்டேஜ் ஒரு நொடித் துளிக்குச் சரியும், ஐசி தன்னைத் தானே அணைச்சுக்கும். மீட்டர் அந்தச் சரிவைப் பிடிக்கிற வேகத்துல இல்ல. கண்டென்சர் தலை தட்டையா இருக்கணும். தலையில வெட்டின கோட்டுக் குறி கொஞ்சம் மேல தூக்கியிருந்தாலும், விரலால தடவும்போது மேடு தட்டினாலும், அடியில பழுப்புக் கறை காய்ஞ்சிருந்தாலும் மாத்துங்க.

கடைசியா ஒரு சோதனை. போர்டுல வரிசையா நாலு ஓட்டை இருக்கும், அதுதான் சீரியல் கன்சோல், ரூட்டர் தன் லாக் வரிகளை வெளியே அனுப்புற இடம். 3.3 வோல்ட் யுஎஸ்பி டிடிஎல் கன்வெர்ட்டர் வாங்கி ஜிஎன்டி, டிஎக்ஸ், ஆர்எக்ஸ் மூணை மட்டும் கட்டுங்க, டிஎக்ஸை ஆர்எக்ஸுக்கு மாத்தி. விசிசிங்கிற பவர் பின்னைத் தொடவே வேணாம். வேகம் பெரும்பாலும் 115200, சில போர்டுல 57600. லேப்டாப்ல லாக் ஓட விட்டு ராத்திரி வரைக்கும் காத்திருங்க. ரீஸ்டார்ட் ஆகும்போது "கெர்னல் பேனிக்"னு எழுதி, கொஞ்சம் புலம்பி, அப்புறம் பூட் ஆனா அது சாஃப்ட்வேர் அல்லது ராம். வரி பாதியில அறுந்து நேரா பூட்லோடர் வரியில ஆரம்பிச்சா கரண்ட் விழுந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.


திருவான்மியூர்_நெட்

கருவிகள் எதுவும் இல்லாதவர்களுக்காக ஒன்றைச் சேர்க்கிறேன். ரூட்டர் அட்மின் பக்கத்தில் ஸ்டேட்டஸ் பகுதியில் அப்டைம் என்று ஒரு வரி இருக்கும். நெட் போன உடனே அதைப் பாருங்கள். சைபரிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தால் ரூட்டரே விழுந்து எழுந்திருக்கிறது. பல நாள் கணக்கு அப்படியே இருந்தால் விழுந்தது லைன் மட்டும். அப்போது அடாப்டர் வாங்கிப் பயனில்லை. மோடத்தில் லாஸ் என்ற விளக்கு சிவப்பாக மினுக்கினால் ஃபைபர் பிரச்சனை. மோடத்தின் அட்மின் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர், அதாவது ஃபைபரில் வந்து சேரும் ஒளியின் அளவு, டிபிஎம் கணக்கில் ஓர் எண்ணாக வரும். மைனஸ் 27க்குக் கீழே, அதாவது மைனஸ் 28, மைனஸ் 29 என்று போனால் எங்கோ ஃபைபர் மடங்கியிருக்கிறது அல்லது கனெக்டரில் அழுக்கு. அதைச் சரிசெய்வது லைன்காரர் வேலை.

இவருடைய கேஸில் விளக்கே அணைவதால் இது கரண்ட் விஷயம்தான், சரி.

மினி யூபிஎஸ் பற்றிக் கேட்டிருக்கிறார். உள்ளே பழுது இருக்கும்போது மினி யூபிஎஸ் அதை மறைக்கும், தீர்க்காது. ஜாக் லூஸ் என்றால் மினி யூபிஎஸ் போட்டாலும் அதே ஜாக்கில்தான் கரண்ட் போக வேண்டும். முதலில் பழுதைச் சரிசெய்யுங்கள், பிறகு கரண்ட் போகும் நேரத்துக்காக வாங்குங்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை. பெரும்பாலான 12 வோல்ட் மினி யூபிஎஸ்ஸில் மூன்று லித்தியம் செல்கள் சீரியஸாக இருக்கும். முழுச் சார்ஜில் 12.6 வோல்ட், தீரும் நேரத்தில் 9 வோல்ட். மலிவான மாடல்கள் அந்த பேட்டரி வோல்டேஜையே நேராக வெளியே விடும். நல்லவை பூஸ்ட் செய்து 12 வோல்ட்டைப் பிடித்து வைக்கும். ரூட்டர் உள்ளே எல்லாம் 5, 3.3 என்று இறக்கித்தான் பயன்படுத்துகிறது, அதனால் பல ரூட்டர்கள் 9.5 வோல்ட்டிலும் ஓடும். லேண்ட்லைன் போன் மாட்டும் போர்ட் உள்ள மோடத்தில் மணி அடிக்கும்போது கூடுதலாக இழுக்கும், அங்கே இந்த மலிவு வகை விழும்.

டப்பாவில் 6000 மில்லி ஆம்பியர் மணி என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் மூன்று 2000 செல்களைக் கூட்டிய கணக்கு. வாட் மணிக் கணக்கில் பாருங்கள்: 11.1 பெருக்கல் 2, அதாவது 22 வாட் மணி. 8 வாட் ரூட்டருக்கு வீண் போவதைக் கழித்து இரண்டரை மணி நேரம். மோடத்தையும் சேர்த்து ஓட்டினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். மோடத்தை விட்டுவிட்டு ரூட்டரை மட்டும் யூபிஎஸ்ஸில் மாட்டுபவர்கள் நிறைய. மோடம் அணைந்தால் வைஃபை சிக்னல் இருக்கும், நெட் இருக்காது.

பலரைக் குழப்பும் பழுது ஒன்று உண்டு: கரண்ட் போகும்போது ரூட்டர் விழாது, கரண்ட் திரும்பி வரும்போது விழும். காரணம், ரூட்டரோடு வந்த 1 ஆம்பியர் அடாப்டரையே மினி யூபிஎஸ்ஸுக்கும் போடுவது. ரூட்டர் 0.7 ஆம்பியர் இழுக்க, காலியான பேட்டரி சார்ஜுக்கு இன்னொரு 0.7 இழுக்க, 1 ஆம்பியர் அடாப்டர் சுருண்டுவிடும். யூபிஎஸ் இன்புட்டுக்கு 12 வோல்ட் 2 ஆம்பியர் குறைந்தபட்சம், 3 ஆம்பியர் நிம்மதி.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு மட்டும்: பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரை மாதிரி இடங்களில் ஜன்னலோரம் வைத்த ரூட்டரில் உப்புக் காற்று முதலில் தின்பது டிசி ஜாக்கையும் லேன் போர்ட் பின்களையும்தான். பித்தளை மேல் பச்சைப் பொடி படியும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பழைய பல்துலக்கி போதும், நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது தூசியை இழுத்துப் பிடிக்கும், வேண்டாம்.


மடிப்பாக்கம்_கே

எல்லாருக்கும் நன்றி. சொன்னபடி அளந்துட்டேன்.

அப்டைம் சைபராகுது. பழைய அடாப்டர்: லோடு இல்லாம 12.2, ஒரு 27 ஓம் போட்டா 11.7, ரெண்டு போட்டா 10.3. ஏசி ரேஞ்சுல கண்டென்சர் வெச்சுப் பார்த்தா 0.8 வோல்ட். புது அடாப்டர்: ரெண்டு ரெசிஸ்டருக்கு 11.8, நாலுக்கு 11.2. அதோட பிளக் ஓட்டை பழசை விடப் பெருசு, கண்ணுக்கே தெரியுது. ரூட்டர் ஓடும்போது போர்டு இன்புட்டுல அளந்தா 11.5, பிளக்கைத் தொட்டா 10.6 வரைக்கும் ஆடுது. ஜாக் ஊசி கறுப்பா இருக்கு.

போர்டுல இன்புட் கண்டென்சர் 470 மைக்ரோஃபாரட் 16 வோல்ட், தலை லேசா மேடு. ராம் 1.5, இன்னொண்ணு 3.31, எல்லாம் சரி. கண்டென்சரும் ஜாக்கும் மாத்தலாம்னு இருக்கேன். பழைய அடாப்டரைத் திறந்து கண்டென்சர் மாத்தினா பிழைக்குமா?


ரிச்சி_பார்ட்ஸ்

ரீடிங் தெளிவா இருக்கு சார். பழைய அடாப்டர் மெயின் கண்டென்சர் போச்சு. புது அடாப்டர் 2 ஆம்பியர்னு போட்டிருந்தாலும் 1.7 கிட்ட கொடுக்கும்போதே 11.4ஐத் தாண்டி இறங்குது, ஆனா உங்க ரூட்டருக்குப் போதும். அதுல தப்பு பிளக் மட்டும்தான். பிளக்கை வெட்டிட்டு 2.1 பிளக் சால்டர் பண்ணுங்க, ரிச்சி ஸ்ட்ரீட்ல எந்த ஸ்பேர் கடையிலயும் கிடைக்கும். ஒயர் ரெண்டுல வெள்ளைக் கோடு போட்டது பெரும்பாலும் பிளஸ், ஆனா வெட்டறதுக்கு முன்னாடி மீட்டர்ல பார்த்துக் குறிச்சு வெச்சுக்குங்க. கோட்டை நம்பி மாத்திக் கட்டினா டிவிஎஸ் டயோடு இல்லாத ரூட்டர் அங்கேயே முடிஞ்சது.

பழைய அடாப்டர் திறக்கிறது பத்தி: வேணாம்னு சொல்வேன். கேஸ் ஒட்டு போட்டு வர்றது, உடைச்சுத்தான் திறக்கணும், திரும்ப மூடினா அந்தப் பழைய இறுக்கம் வராது. உள்ளே 325 வோல்ட், வெளியே பிள்ளைங்க கை படுற ஒயர். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளிதான் பாதுகாப்பு. கண்டென்சர் மாத்தின சாக்குல ஒரு ஈயத்துளி அந்தப் பக்கம் நின்னுட்டா அந்த இடைவெளி போச்சு. கத்துக்கத் திறக்கிறதா இருந்தா பிளக்கை எடுத்துட்டு மெயின் கண்டென்சரை 10 கிலோஓம் 5 வாட் ரெசிஸ்டரால அஞ்சு செகண்ட் டிஸ்சார்ஜ் பண்ணி, மீட்டர்ல 5 வோல்ட்டுக்குக் கீழே வந்துச்சான்னு பார்த்துட்டுத்தான் கை வைக்கணும். ஸ்க்ரூடிரைவரால ஷார்ட் பண்ணாதீங்க.

புதுசு வாங்கறதுன்னா லேபிள்ல ஐஎஸ் 13252ன்னு போட்டு, கீழே ஆர்-னு ஆரம்பிச்சு எட்டு இலக்க நம்பர் இருக்கும். அதை இந்தியத் தர நிர்ணய அமைப்போட பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டா எந்தக் கம்பெனிக்குக் கொடுத்த நம்பர்னு வரும். லேபிள்ல ஒரு பேர், ஆப்ல வேற பேர்னா வெச்சுட்டு வந்துடுங்க.

போர்டு கண்டென்சருக்கு 470 மைக்ரோஃபாரட் 25 வோல்ட், 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் (உள் ரெசிஸ்டன்ஸ் கம்மி)னு கேட்டு வாங்குங்க. 16 வோல்ட்டும் ஓடும், 25 இருந்தா நிம்மதி. உயரமும் விட்டமும் மட்டும் அளந்துட்டுப் போங்க, மூடி மூடணுமே. 85 டிகிரி கொடுத்தா வாங்காதீங்க. காரணம் கணக்குல இருக்கு. பத்து டிகிரி குறைஞ்சா கண்டென்சர் ஆயுள் ரெண்டு மடங்காகும். 105 டிகிரில 2000 மணி நேரம்னு போட்ட கண்டென்சர் 65 டிகிரில 32,000 மணி நேரம், நிக்காம ஓடினா மூணரை வருஷத்துக்கு மேல. அதே 2000 மணி நேரம் 85 டிகிரியில போட்டிருந்தா 65ல 8000 மணி நேரம், பதினோரு மாசம். சித்திரை வெயில்ல சென்னை வீட்டுக்குள்ள, டிவி ஸ்டாண்டு பின்னாடி, ஏற்கனவே சூடான ரூட்டர் டப்பாக்குள்ள 65 டிகிரி பெரிய விஷயம் இல்ல. உங்களுது நாலு வருஷம் ஓடினதே அது நல்ல கண்டென்சர்ங்கிறதுக்கு சாட்சி.

சால்டர் பண்ணும்போது மைனஸ் கால்தான் உயிரை வாங்கும். அது முழுப் போர்டு செம்புத் தகட்டோட சேர்ந்திருக்கு, 25 வாட் அயர்ன் வெச்சா சூடு பரவிப் போயிடும், ஈயம் உருகாது. இழுத்தீங்கன்னா ஓட்டைக்குள்ள இருக்கிற செம்பு வளையமே வந்துடும். 60 வாட் அயர்ன் எடுங்க. முதல்ல ரெண்டு கால்லயும் புது ஈயம் கொஞ்சம் ஏத்துங்க, பழைய லெட் ஃப்ரீ ஈயத்தோட கலந்து சீக்கிரம் உருகும். ஒரு காலைச் சூடாக்கி அந்தப் பக்கம் சாய்ங்க, அடுத்த காலைச் சூடாக்கி மறுபக்கம் சாய்ங்க, மாத்தி மாத்தி நாலு தடவையில தானா வெளிய வரும். ஓட்டையில அடைச்ச ஈயத்தை டீசால்டர் விக், அதாவது ஈயத்தை உறிஞ்சுற செம்புப் பின்னல் வெச்சு எடுங்க, குத்தாதீங்க. எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ. கண்டென்சர் உடம்புல கோடு போட்ட பக்கம் மைனஸ். புதுசை அதே பக்கம் திருப்பி வையுங்க. தலைகீழா வெச்சா சூடாகி வெடிக்கும். ஜாக்கோட மைனஸ் காலும் இதே மாதிரிதான் அடம் பிடிக்கும்.


மடிப்பாக்கம்_கே

கண்டென்சர் 25 வோல்ட் போட்டாச்சு, ஜாக் மாத்தியாச்சு, புது அடாப்டருக்கு 2.1 பிளக். போர்டு இன்புட்டுல இப்போ 11.9, பிளக்கை ஆட்டினாலும் அசையல. மூணு ராத்திரி ஆச்சு, அப்டைம் 74 மணி நேரம். இன்வெர்ட்டர் மாறும்போதும் விழல. இன்வெர்ட்டர் ஈகோ மோடுலதான் இருந்திருக்கு, யூபிஎஸ்ஸுக்கு மாத்திட்டேன்.


ஓம்_விதி

நல்லது. பழைய அடாப்டரை அலமாரியில வெச்சு யாராவது அவசரத்துக்கு எடுத்து மாட்டிடப் போறாங்க, பிளக்கை வெட்டிட்டுத் தூக்கிப் போடுங்க. மோடம் அடாப்டரும் அதே வயசுதானே? அதையும் அதே ரெண்டு ரெசிஸ்டர்ல ஒரு தடவை அளந்துடுங்க. அதுல 0.5 ஆம்பியர்னு போட்டிருந்தா ஒரு ரெசிஸ்டர் மட்டும்.